ஓடானியை டாட்ஜர்ஸ் எப்படிப் பயன்படுத்த வேண்டும்: ஸ்டார்ட்டரா, க்ளோஸரா, மட்டை மட்டுமா?

லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் ரசிகர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் பேச்சு இங்கேதான் வந்து நிற்கும்: மட்டையும் பிடித்துப் பந்தும் எறியும் ஷோஹேய் ஓடானியைப் பந்தெறிய விடலாமா, விடுவதென்றால் ஆட்டத்தின் எந்தக் கட்டத்தில்? வாரத்துக்கு ஒரு நாள் ஸ்டார்ட்டராக, அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சராக (பந்தெறிபவராக), எறியட்டும் என்கிறது ஒரு தரப்பு. 2025-ல் கடைசி இன்னிங்ஸ்களில் கை நழுவிப்போன ஆட்டங்களை எண்ணிக்காட்டி, அவரை க்ளோஸராக்கு, கடைசி இன்னிங்ஸை எறிந்து முன்னிலையைக் காப்பவராக்கு என்கிறது இன்னொரு தரப்பு. மூன்றாவது தரப்புக்கு அவருடைய வலது முழங்கையை நினைத்தாலே பயம். வருடம் 50 ஹோம் ரன்னுக்கு (கிரிக்கெட் சிக்ஸர் போல) மேல் அடிக்கிறவரை மவுண்டில், அதாவது பந்தெறியும் மேட்டில், ஏற்றி ஏன் வம்பை விலைக்கு வாங்க வேண்டும் என்று கேட்கிறார்கள்.

மூன்று தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லாரும் அவருடைய திறமையைப் பற்றியே பேசுகிறார்கள். இந்தக் கேள்வியில் திறமையைவிட அதிகம் பேசுவது விதிப்புத்தகம். அதை முதலில் பார்த்துவிட்டால் பாதி வாதம் தானாக அடங்கிவிடும்.

## எதை வைத்து எடைபோடுவது

டி.எச். விதி. பிட்சருக்குப் பதிலாக மட்டை பிடிக்க மட்டும் ஒரு ஆளை வைத்துக்கொள்ளலாம், அவர்தான் டி.எச். 2022-ல் இரண்டு லீகுக்கும் டி.எச். பொதுவானபோது கூடவே இன்னொரு விதியும் வந்தது. ரசிகர்கள் அதை ஓடானி விதி என்றே சொல்கிறார்கள். ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சரே டி.எச். ஆகவும் பெயர் கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தால் அவர் இரண்டு ஆளாகக் கணக்கு. மவுண்டிலிருந்து இறக்கினாலும் டி.எச். ஆகக் கடைசிவரை மட்டை பிடிக்கலாம்.

இந்தச் சலுகை ஆட்டத்தைத் தொடங்குபவருக்கு மட்டும்தான். டி.எச். ஆக மட்டும் தொடங்கி, ஏழாவது இன்னிங்ஸில் பந்தெறியப் போனால், அந்த நொடியோடு அணிக்கு டி.எச். முடிந்தது. பிறகு அவர் மவுண்டிலிருந்து இறங்கினால் அவுட்ஃபீல்டில் போய் நிற்க வேண்டும், அல்லது ஆட்டத்தைவிட்டே வெளியேற வேண்டும். வெளியேறினால் திரும்பி வர முடியாது. அடுத்து வரும் பிட்சர் பேட்டிங் ஆர்டருக்குள் வந்தாக வேண்டும். கிரிக்கெட்டில் ஓவரை முடித்த ஆல்ரவுண்டர் எல்லைக்கோட்டில் போய் நின்றுகொள்வார், மட்டையும் பிடிப்பார். இங்கே அந்த வசதி இல்லை.

எத்தனை அவுட் கிடைக்கும். ஆறு ஆட்டத்துக்கு ஒரு முறை எறிபவருக்கு 162 ஆட்டச் சீசனில் அதிகபட்சம் 27 ஸ்டார்ட் வரும். இடையில் ஓய்வு கொடுத்து 25 என்று வைத்து, தலா ஐந்தரை இன்னிங்ஸ் போட்டால் 137 இன்னிங்ஸ். ஒரு முழுநேர க்ளோஸர் 60 முதல் 65 இன்னிங்ஸ் எறிவார்.

முழங்கை. 2018 அக்டோபரில் ஒரு முறை, 2023 செப்டம்பரில் இன்னொரு முறை என்று அதே முழங்கையில் இரண்டு அறுவைச் சிகிச்சை. இரண்டாவதற்குப் பிறகு மவுண்டுக்குத் திரும்பியது 2025 ஜூன் 16. ஏறத்தாழ 21 மாதம்.

மட்டை என்ன ஆகிறது. 2024-ல் பந்தே எறியவில்லை. 54 ஹோம் ரன், 59 ஸ்டீல் (அடி விழாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது). 2025-ல் பாதிச் சீசன் எறிந்தார். 55 ஹோம் ரன், 20 ஸ்டீல். அடி குறையவில்லை, ஓட்டம்தான் குறைந்தது.

26 பேர் பட்டியல். ஒரு அணி 13 பிட்சர்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இருவழி ஆட்டக்காரர் என்று பதிவானவர் அந்த 13-ல் சேரமாட்டார். அவர் எறிந்தால் அணிக்கு 14 பிட்சர்.

பணம் இதில் வராது. 2024 முதல் 2033 வரை 70 கோடி டாலர் ஒப்பந்தம், அதில் 68 கோடி 2034 முதல்தான் கைக்குப் போகும். அவர் எறிந்தாலும் எறியாவிட்டாலும் தொகை ஒன்றே. ஆனால் அவர் எறியாவிட்டால் அந்த இடத்துக்குச் சந்தையில் ஆள் எடுக்க வேண்டும். ப்ளேக் ஸ்னெல்லுக்கு ஐந்து வருடத்துக்கு 18.2 கோடி டாலர் கொடுத்த அணி இது. முதல்தர ஸ்டார்ட்டரின் விலை அதிலிருந்தே தெரியும்.

## வாரம் ஒரு முறை ஸ்டார்ட்டராக

விதி முழுக்க இந்தப் பக்கம்தான். ஆறு இன்னிங்ஸ் எறிந்துவிட்டு இறங்கினாலும் எட்டாவது இன்னிங்ஸில் மட்டையோடு வந்து நிற்பார். 2025 அக்டோபர் 17-ல் மில்வாக்கி ப்ரூவர்ஸுக்கு எதிரான என்.எல். (நேஷனல் லீக்) இறுதித் தொடரின் நான்காவது ஆட்டத்தில் இதன் உச்சத்தைப் பார்த்தோம். ரன் கொடுக்காமல் ஆறு இன்னிங்ஸ், 10 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது), மட்டையில் மூன்று ஹோம் ரன். மூன்றாவது ஹோம் ரன் அவர் மவுண்டிலிருந்து இறங்கிய பிறகு வந்தது. ஸ்டார்ட்டராக இல்லாமல் நடுவில் வந்து எறிந்திருந்தால் அந்த வாய்ப்பே கேள்விக்குறி.

இதற்கு ஆறு பேர் ரொட்டேஷன், அதாவது ஆறு ஸ்டார்ட்டர் முறைவைத்து எறிவது, தேவை. வழக்கமாக ஒரு அணி ஐந்து ஸ்டார்ட்டர், எட்டு ரிலீவர் (நடுவில் வந்து எறிபவர்) வைத்துக்கொள்ளும். ஆறாவது ஸ்டார்ட்டரைச் சேர்த்தால் ரிலீவர்கள் காத்திருந்து சூடேற்றும் புல்பென்னில் ஒரு ஆள் குறையும், அதனால்தான் மற்ற அணிகள் இதைத் தொட யோசிக்கின்றன. டாட்ஜர்ஸுக்கு அந்த நட்டம் இல்லை. மற்ற ஐந்து ஸ்டார்ட்டர், எட்டு ரிலீவர், அதற்கு மேல் ஓடானி. பட்டியல் விதி கொடுக்கும் அந்த ஒரு இடம் மற்ற ஸ்டார்ட்டர்களின் கைகளையும் காப்பாற்றுகிறது. யோஷினோபு யமமோட்டோவும் ரோகி சசாகியும் ஜப்பானில் வாரம் ஒரு முறை எறிந்து வளர்ந்தவர்கள். ஸ்னெல் 2025-ல் 11 ஸ்டார்ட், டைலர் க்ளாஸ்னோ 18 ஸ்டார்ட்தான் எறிந்தார்கள். இருவருக்கும் தோள்பட்டைப் பிரச்சினை. இந்த ரொட்டேஷனுக்கு ஓய்வு நாள்கள் தங்கம். க்ளேட்டன் கெர்ஷாவும் 2025-ஓடு ஓய்வு பெற்றுவிட்டதால் அந்த இடமும் காலி.

மறைமுகச் செலவுகளையும் சொல்லியாக வேண்டும். முதலாவது உடம்பு. 2025 ஜூலை 30-ல் சின்சினாட்டியில் பிடிப்பு வந்து நான்காவது இன்னிங்ஸில் இறங்கினார். ஆகஸ்ட் 20-ல் டென்வரில், மவுண்டில் நின்றபோது பேட்டர் அடித்த பந்து நேராக வந்து வலது தொடையில் பட்டது. டி.எச். ஆக மட்டும் இருந்தால் இந்த இரண்டும் நடந்திருக்காது. தொடையில் பட்ட பந்து இரண்டு அங்குலம் தள்ளி முழங்காலில் பட்டிருந்தால், போவது ஸ்டார்ட்டர் மட்டுமல்ல, முதல் பேட்டரும்தான்.

இரண்டாவது, எறியும் நாளில் மட்டை சோர்ந்துபோவது. பிலடெல்பியாவுக்கு எதிரான 2025 டிவிஷன் தொடரின் முதல் ஆட்டத்தில் ஆறு இன்னிங்ஸ் எறிந்து ஒன்பது பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தார். அதே ஆட்டத்தில் மட்டையோடு நான்கு முறை தானும் ஸ்ட்ரைக்அவுட் ஆனார். அந்தத் தொடர் முழுக்க 18 முயற்சியில் 1 ஹிட். எறிந்த களைப்புதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் அடுத்த தொடரில்தான் அந்த மூன்று ஹோம் ரன். ஆனாலும் அந்த ஆபத்து இருக்கிறது.

மூன்றாவது, அவர் ஐந்தோடு நிறுத்தினால் மீதி நான்கு இன்னிங்ஸை யாராவது எறிய வேண்டும். 2025 செப்டம்பர் 16-ல் பிலடெல்பியாவுக்கு எதிராக ஐந்து இன்னிங்ஸ் ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. 68 பிட்ச் (எறிந்த பந்துகள்). 4-0 முன்னிலை. திட்டமிட்டபடி மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ் அவரை இறக்கினார். ஆறாவது இன்னிங்ஸிலேயே முன்னிலை போய், 9-6 என்று தோற்றார்கள். அன்றைக்கு ராபர்ட்ஸைத் திட்டாத ரசிகர் இல்லை. என் பார்வையில் இறக்கியது சரி. முழங்கைக்கு ஐந்து இன்னிங்ஸ் என்று வரம்பு வைத்துவிட்டு, நோ-ஹிட்டர் (ஆட்டம் முழுக்க ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் முடிப்பது) ஆசையில் அதை மீறினால் பிறகு எந்த வரம்புக்கும் மதிப்பிருக்காது. தப்பு, அடுத்த நான்கு இன்னிங்ஸுக்கு நம்பகமான ஆள் இல்லாதது.

நாள் தேர்விலும் நிர்வாகம் தெளிவாக யோசித்தது. 2025 ஆகஸ்ட் 6, 13, 20, 27 என்று நான்கு புதன்கிழமைகளிலும் அவரே ஸ்டார்ட்டர். மறுநாள் ஆட்டமில்லாத வியாழன் வந்தால், எறிந்த களைப்போடு மட்டை பிடிக்கும் அவசியமே இல்லை. அட்டவணையை முன்கூட்டிப் பார்த்து ஓய்வு நாளுக்கு முந்தைய நாளை அவருக்கு ஒதுக்குவது, செலவில்லாமல் கிடைக்கும் லாபம்.

இது பொருந்துவது: ஏப்ரல் முதல் செப்டம்பர் நடுவரை, முழங்கை நன்றாக இருக்கும்வரை.

## க்ளோஸராக

இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும். 2023 மார்ச் 21, மியாமி, உலக பேஸ்பால் க்ளாசிக் இறுதி ஆட்டம். ஜப்பான் 3, அமெரிக்கா 2. ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், 3-2 கணக்கு (மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக்), எதிரே அவருடைய அப்போதைய ஏஞ்சல்ஸ் சகா மைக் ட்ரௌட். ஸ்வீப்பர் (பக்கவாட்டில் வளையும் பந்து) வெளியே வளைந்தது, ட்ரௌட் மட்டையை வீசித் தவறவிட்டார். பேஸ்பாலில் அதைவிட நல்ல முடிவு எழுதவே முடியாது.

அதோடு 2025 செப்டம்பரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 6, பால்டிமோர். யமமோட்டோ நோ-ஹிட்டருக்கு ஒரே ஒரு அவுட் பாக்கி வைத்திருந்தார். ஜாக்சன் ஹாலிடே ஹோம் ரன் அடித்தார். அப்போதும் 3-1 முன்னிலை. ப்ளேக் ட்ரைனன் வந்தார், டேனர் ஸ்காட் வந்தார், ஆட்டம் 4-3 என்று போய்விட்டது. நான்கு வருடத்துக்கு 7.2 கோடி டாலர் வாங்கி வந்த ஸ்காட் அந்தச் சீசனில் 10 சேவ் (முன்னிலையைக் காத்து முடிப்பது) வாய்ப்புகளைக் கோட்டைவிட்டார். இதைப் பார்த்த ரசிகர், மணிக்கு 100 மைல் வேகத்தில் எறியும் ஆள் டக்அவுட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று கொதிப்பது இயல்பு.

ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை.

முதலில் விதி. ஒன்பதாவது இன்னிங்ஸில் வந்து மூன்று அவுட்டையும் எடுத்து ஆட்டத்தை முடித்துவிட்டால் டி.எச். போனதால் நட்டமே இல்லை. இதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். சிக்கல், முடிக்காதபோது. சமநிலையாகி ஆட்டம் 10, 11 என்று நீண்டால் அவர் தொடர்ந்து எறிய வேண்டும், அல்லது அவுட்ஃபீல்டுக்குப் போக வேண்டும். 2021-ல் ஏஞ்சல்ஸுக்காகச் சில இன்னிங்ஸ் அவுட்ஃபீல்டில் நின்றதோடு சரி. இரண்டும் வேண்டாமென்றால் அணியின் சிறந்த பேட்டர் எக்ஸ்ட்ரா இன்னிங்ஸில் வெளியே. ஏழு, எட்டாவது இன்னிங்ஸில் கொண்டுவந்தால் இந்தச் சிக்கல் அன்றாடம்.

அடுத்தது, சூடேற்றுவது. சாதாரண ரிலீவர் தன் அணி மட்டை பிடிக்கும்போது புல்பென்னில் 15, 20 பிட்ச் எறிந்து கையைத் தயார் செய்வார். ஓடானி பேட்டிங் ஆர்டரில் முதல் ஆள். ஒரு இன்னிங்ஸில் சராசரியாக நான்கு பேருக்கு மேல் மட்டை பிடிப்பார்கள், ஆர்டரில் இருப்பது ஒன்பது பேர். ஆக ஏறத்தாழ பாதி நாள், க்ளோஸர் புல்பென்னில் இருக்க வேண்டிய நேரத்தில் இவர் மட்டையோடு நிற்பார், அல்லது இரண்டாவது பேஸில் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். அங்கிருந்து நேராக மவுண்டுக்குப் போய்க் குளிர்ந்த கையால் 100 மைல் எறிவது, இரண்டு முறை தைத்த முழங்கைக்குச் செய்யும் துரோகம். மியாமியில் அது நடந்தது என்றால், அன்றைக்கு மறுநாள் என்று ஒன்று இல்லை.

பிறகு ஓய்வின் ஒழுங்கு. ஸ்டார்ட்டருக்கு எந்த நாள் எறிவோம் என்று ஒரு வாரம் முன்பே தெரியும். எடைப் பயிற்சி, இடையில் ஒரு நாள் புல்பென் பயிற்சி எல்லாம் அதற்கேற்ப. க்ளோஸருக்கு இன்று மாலை எட்டு மணிக்குத்தான் தெரியும். தொடர்ந்து இரண்டு நாள் தேவைப்படலாம், பிறகு ஐந்து நாள் சும்மா இருக்கலாம். எழுந்து சூடேற்றிவிட்டு ஆட்டத்துக்குள் போகாமலே உட்கார்ந்த நாள்களும் கைக்கு வேலைதான். புள்ளிவிவரத்தில் அது வராது, தசைநாரில் வரும்.

கடைசியாக அளவு. க்ளோஸரின் ஒரு இன்னிங்ஸ் ஸ்டார்ட்டரின் இரண்டு இன்னிங்ஸுக்குச் சமம் என்று தாராளமாக வைத்தாலும் 65 இன்னிங்ஸ் 130 ஆகிறது, 137-ஐத் தொடவில்லை. 14-வது பிட்சர் என்ற சலுகை க்ளோஸருக்கும் உண்டு, ஆனால் அதை ஆறாவது ஸ்டார்ட்டருக்குச் செலவிட முடியாது.

க்ளோஸருக்குச் சந்தையில் ஆள் கிடைக்கிறது என்பதும் முக்கியம். 2025 அக்டோபரில் சசாகியையே புல்பென்னுக்கு மாற்றி ஒன்பதாவது இன்னிங்ஸைக் கொடுத்தார்கள், நன்றாகச் செய்தார். டிசம்பரில் எட்வின் டியாஸை மூன்று வருடத்துக்கு 6.9 கோடி டாலருக்கு எடுத்தார்கள். ஆண்ட்ரூ ஃப்ரீட்மேனின் நிர்வாகம் இந்தக் கேள்விக்குப் பதிலைப் பணத்தால் கொடுத்துவிட்டது. ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே அதற்கான ஆளை வைப்பதுதான் முறை.

இது பொருந்துவது: உலகத் தொடரின் கடைசி ஆட்டம், முன்னிலையோடு ஒன்பதாவது இன்னிங்ஸ், அந்த இன்னிங்ஸில் அவருடைய மட்டை முறை வராத நிலை. மூன்றும் சேர்ந்தால் மட்டும்.

## இரண்டு, மூன்று இன்னிங்ஸ் ஓப்பனராக

ஓப்பனர் என்றால் இங்கே ஆட்டத்தைத் தொடங்கிச் சில இன்னிங்ஸ் மட்டும் எறிபவர். இதை யாரும் தனி வழியாகப் பேசுவதில்லை, பேச வேண்டும். 2018-ல் டாம்பா பே ரேஸ், ரிலீவர் செர்ஜியோ ரோமோவை முதல் இன்னிங்ஸ் எறியவிட்டு இந்த முறையைப் பரவலாக்கியது. ஆட்டத்தைத் தொடங்குவதால் ஓடானி விதி முழுக்கப் பொருந்தும். ஒரு இன்னிங்ஸ் எறிந்தாலும் மட்டை கடைசிவரை உண்டு.

2025-ல் மவுண்டுக்குத் திரும்பியபோது இதைத்தான் செய்தார்கள். வேறு பிட்சராக இருந்தால் மைனர் லீகுக்கு அனுப்பிப் படிப்படியாக எறியவிட்டிருப்பார்கள். ஆனால் அவருடைய மட்டை தினமும் தேவை. அதனால் மேஜர் லீக் ஆட்டங்களிலேயே ஒரு இன்னிங்ஸ், இரண்டு இன்னிங்ஸ் என்று ஏற்றி, ஆகஸ்ட் 27-ல் ஐந்தைத் தொட்டார். மொத்தம் 14 ஸ்டார்ட், 47 இன்னிங்ஸ், 62 ஸ்ட்ரைக்அவுட், ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுக்கும் ரன் சராசரி) 2.87. செப்டம்பர் 5-ல் க்ளாஸ்னோ எறிய முடியாமல்போனபோது அவசரத்துக்கு வந்து 3⅔ இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் எறிந்ததும் இந்த வகைதான். (அந்த ஆட்டமும் ஒன்பதாவது இன்னிங்ஸில் ஸ்காட் கொடுத்த ஹோம் ரன்னில் 2-1 என்று போனது.)

செலவு புல்பென்னுக்கு. அவருக்குப் பின்னால் நான்கு இன்னிங்ஸ் எறியக்கூடிய இன்னொரு ஆள் அன்றைக்கு ஒதுக்கப்பட வேண்டும். அந்த ஆள் மூன்றாவது இன்னிங்ஸிலிருந்தே தயாராக நிற்க வேண்டும், அடுத்த நான்கு நாள் கிடைக்கமாட்டார். இதை வாராவாரம் செய்தால் ஆகஸ்ட்டில் புல்பென் தள்ளாடும்.

இது பொருந்துவது: காயத்திலிருந்து திரும்பும்போது, டிவிஷனை (தங்கள் பிரிவின் முதலிடத்தை) உறுதி செய்துவிட்ட பிறகு செப்டம்பர் கடைசியில், அக்டோபரில் குறைந்த ஓய்வில்.

## மட்டை மட்டும்

பயப்படுகிறவர்களின் வழி. பயம் நியாயமானதுதான், அதற்கு ஒரு கூடுதல் காரணமும் உண்டு. முழங்கை அறுவைச் சிகிச்சை பிட்சரை மட்டும் வீட்டில் உட்காரவைப்பதில்லை. 2018 அக்டோபர் சிகிச்சைக்குப் பிறகு அவர் மட்டையோடு வந்தது 2019 மே மாதம். இரண்டாவது முறை செப்டம்பரில் நடந்ததால் குளிர்காலம் உதவியது, 2024 தொடக்க ஆட்டத்துக்கே வந்துவிட்டார். ஏப்ரலில் நடந்திருந்தால் ஒரு சீசனின் மட்டையும் பெருமளவு போயிருக்கும். மூன்றாவது சிகிச்சை என்பது வெறும் பிட்சிங் நட்டமல்ல.

ஸ்டீல் கணக்கும் இந்தப் பக்கம். 59-லிருந்து 20 என்பது பெரிய இறக்கம். ஆனால் ஓட்டத்திலும் ஆபத்து இல்லாமலில்லை: 2024 உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் இரண்டாவது பேஸுக்கு வழுக்கியபோதுதான் இடது தோள் நழுவி, நவம்பரில் அறுவைச் சிகிச்சை நடந்தது. பந்தே எறியாத வருடத்தில் வந்த காயம் அது. மவுண்டைவிட்டு விலக்கினால் பத்திரம் என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இழப்பு தெளிவு. 130 இன்னிங்ஸ், 14-வது பிட்சர் இடம், ஆறு பேர் ரொட்டேஷன் மூன்றும் ஒரே நாளில் போகும். மட்டையும் பந்தும் கைவந்த பேப் ரூத்தையே, வாங்கிய யாங்கீஸ் அணி 1920-ல் மவுண்டிலிருந்து இறக்கி முழுநேர பேட்டராக்கியது என்று சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அன்றைக்கு டி.எச். கிடையாது. ரூத் மட்டை பிடிக்க வேண்டுமென்றால் அவுட்ஃபீல்டில் நின்று ஆக வேண்டும். எறியாத நாளிலும் கால்களுக்கு ஓய்வில்லை. ஓடானி எறியாத நாளில் டக்அவுட்டில் உட்காருகிறார். அந்த ஒப்பீடு இங்கே செல்லாது.

இது பொருந்துவது: முழங்கையில் அல்லது முன்கையில் ஏதாவது அறிகுறி தெரிந்த நொடி, ஒப்பந்தத்தின் பிற்பாதியில், 35 வயதுக்கு மேல்.

## ஒரே பார்வையில்

| | ஸ்டார்ட்டர் | க்ளோஸர் | ஓப்பனர் | மட்டை மட்டும் |
|---|---|---|---|---|
| இறங்கிய பின் மட்டை | உண்டு | அவுட்ஃபீல்டுக்குப் போனால் மட்டும் | உண்டு | எப்போதும் |
| சீசன் இன்னிங்ஸ் | 130-140 | 60-65 | 50-75 | 0 |
| எறியும் நாள் | முன்பே தெரியும் | அன்று இரவுதான் | முன்பே தெரியும் | இல்லை |
| 14-வது பிட்சர் | உண்டு, ஆறாவது ஸ்டார்ட்டராக | உண்டு, ரிலீவராக | உண்டு | இல்லை |
| மறைமுகச் செலவு | ஸ்டீல் குறைவு, மவுண்டில் அடிபடும் ஆபத்து | சூடேற்ற நேரமின்மை, எக்ஸ்ட்ரா இன்னிங்ஸ் சிக்கல் | புல்பென் சுமை | ரொட்டேஷன் சுருங்கும் |

## ஏழாவது ஆட்டம் சொல்வது

2025 நவம்பர் 1, டொரொண்டோ, உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம். நான்காவது ஆட்டத்தில் எறிந்த ஓடானிக்கு மூன்று நாள் ஓய்வுதான் கிடைத்திருந்தது. அந்த நான்காவது ஆட்டத்துக்கு முந்தைய இரவுதான் 18 இன்னிங்ஸ் ஆட்டம். அதில் ஒன்பது முறை பேஸுக்குப் போயிருந்தார். ராபர்ட்ஸ் அவரை ஸ்டார்ட் செய்யவைத்தார். மூன்றாவது இன்னிங்ஸில் விளாடிமிர் கெர்ரேரோ ஜூனியரை வேண்டுமென்றே நடக்கவிட்டார்கள் (அடிக்க விடாமல் முதல் பேஸுக்கு அனுப்பிவிடுவது), அடுத்து வந்த போ பிஷெட் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். 2⅓ இன்னிங்ஸோடு ஓடானி இறங்கினார்.

அவரைக் கடைசிக்கு வைத்திருக்கலாமே என்ற குரல் இன்றும் கேட்கிறது. ஆனால் கடைசிக்கு வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள். ஒன்பதாவது இன்னிங்ஸுக்குள் டாட்ஜர்ஸ் பின்தங்கித்தான் இருந்தது. மிகேல் ரோஹாஸ் ஒரு அவுட்டுக்குப் பிறகு ஹோம் ரன் அடித்துச் சமன் செய்தார். க்ளோஸரைக் கொண்டுவர முன்னிலையே இல்லை. ஆட்டம் 11 இன்னிங்ஸ் போனது, வில் ஸ்மித்தின் ஹோம் ரன்னில் 5-4. ஓடானி நடுவில் ரிலீவராக வந்து இறங்கியிருந்தால், அவுட்ஃபீல்டுக்குப் போனாலொழிய அந்தக் கடைசி இன்னிங்ஸ்களில் பேட்டிங் ஆர்டரின் உச்சியில் அவர் இருந்திருக்கவே மாட்டார். ஸ்டார்ட் செய்ததால் இருந்தார்.

கடைசி 2⅔ இன்னிங்ஸை யார் எறிந்தார்? முந்தைய நாள் 96 பிட்ச் எறிந்த யமமோட்டோ. அவர் மட்டை பிடிப்பதில்லை. எந்த நேரத்தில் வந்தாலும் டி.எச். விதி அவரைத் தொடாது. ரிலீவராக அவசரத்துக்கு அழைக்க வேண்டியது யாரை, ஸ்டார்ட் செய்யவைக்க வேண்டியது யாரை என்பதற்கு அந்த இரவு போதும். ராபர்ட்ஸின் தப்பு ஓடானியை ஸ்டார்ட் செய்யவைத்ததில் இல்லை. சுருக்கமாக முடிக்க வேண்டிய ஓப்பனர் வேலையை, மூன்றாவது இன்னிங்ஸில் ஆள் ஏறிய பிறகும் நீட்டியதில்தான்.

## எறியும் நாளில் ஆர்டரில் எந்த இடம்

இது சின்ன விஷயம், ஆனால் இலவச லாபம். சொந்த மைதானத்தில் அவர் முதல் இன்னிங்ஸின் மேல்பாதியை எறிந்து முடித்ததும், முதல் பேட்டராக இருந்தால் உடனே மட்டையோடு வர வேண்டும். இடைவேளை இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல். க்ளவுஸைக் கழற்றி, முழங்கைக் காப்பு மாட்டி, ஹெல்மெட் போட்டு, மூச்சு அடங்கும் முன்னே முதல் பிட்ச் வந்துவிடும். அன்றைக்கு மூக்கி பெட்ஸை முதலிலும் ஓடானியை இரண்டாவதாகவும் இறக்கினால் ஒரு பேட்டர் அளவு நேரம் கிடைக்கும்.

வெளியூரில் இது தலைகீழ். அங்கே மட்டை முதலில், மவுண்டு பிறகு. முதல் ஆளாக மட்டை பிடித்து முடித்தால், பெட்ஸும் ஃப்ரெடி ஃப்ரீமேனும் ஆடும் நேரத்தில் மறுபடி கையைச் சூடேற்றிக்கொள்ளலாம். ஆகவே வெளியூரில் முதலிடம், சொந்த ஊரில் இரண்டாமிடம். ஆர்டரில் ஒரு இடம் இறங்கினால் முழுச் சீசனில் குறைவது சுமார் 18 மட்டை வாய்ப்பு. சொந்த மண்ணில் எறியும் 12, 13 நாளுக்கு மட்டும் இறக்கினால் இழப்பு ஒன்றோ இரண்டோதான்.

## என் தேர்வு

ஸ்டார்ட்டர். ஆறு நாளுக்கு ஒரு முறைக்குக் குறையாத இடைவெளி, 85 முதல் 90 பிட்ச் வரம்பு, முடிந்தவரை ஓய்வு நாளுக்கு முந்தைய நாள். 2022-ல் ஏஞ்சல்ஸில் 166 இன்னிங்ஸ், ஈ.ஆர்.ஏ. 2.33, 34 ஹோம் ரன் என்று ஒரே சீசனில் செய்தவர். அந்த அளவைத் திரும்பக் கேட்கக் கூடாது. 130 போதும். டிவிஷன் கைக்கு வந்ததும் செப்டம்பரின் கடைசி இரண்டு ஸ்டார்ட்டை மூன்று இன்னிங்ஸாகச் சுருக்கிவிட வேண்டும்.

இந்தத் திட்டத்தைக் கைவிட வேண்டிய நேரத்தையும் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும், ஆட்டத்தின் சூட்டில் முடிவெடுக்கக் கூடாது. 2025-ல் அவருடைய நான்கு-தையல் ஃபாஸ்ட்பால் சராசரி 98 மைலைச் சுற்றி இருந்தது. தொடர்ந்து இரண்டு ஸ்டார்ட்டில் அது ஒன்றரை மைல் இறங்கினால் ஒரு முறை விடுப்பு. வேகம் இருந்தும் ஸ்வீப்பர் வளையாமல் நடுவில் நின்று, வாக் (பேட்டரை நடக்கவிடுவது) கூடினால் அது விரல் பிடி தளர்வதன் அடையாளம். முன்கையை மருத்துவர் பார்க்க வேண்டும். எறிந்த மறுநாள் மட்டையின் வேகம் விழுந்தால் அந்த மறுநாளை ஓய்வாக்க வேண்டும், ஸ்டார்ட்டை அல்ல. முழங்கை என்று அவரே வாய்திறந்து சொன்னால் அன்றே மட்டை மட்டும்; அந்தச் சீசனில் மவுண்டைப் பற்றிப் பேச்சே கூடாது.